கேட் பாஸும் வெண்டர் கோடும்

மணலி, எண்ணூர்ப் பக்கம் பெரிய ஆலை ஒன்றுக்குள் நுழைய இரண்டு சீட்டுகள் உண்டு. ஒன்று கேட் பாஸ். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் லாரி ஓட்டுநருக்கும் ஷட்டவுன் வேலைக்கு வரும் வெல்டருக்கும் தருவது. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது: வெண்டர் கோடு. நிறுவனத்தின் கொள்முதல் கணினியில் விற்பவருக்கு ஒதுக்கப்படும் எண். அந்த எண் இருப்பவருக்குத்தான் ஆர்டர் வரும், அவர்தான் பில் போட முடியும், அவர் கணக்கில்தான் பணம் விழும். சுற்றியிருக்கும் குப்பங்களுக்கும் நகர்களுக்கும் முதல் சீட்டு ஓரளவு கிடைத்திருக்கிறது. இரண்டாவது சீட்டு அவர்கள் பக்கம் அதிகம் வந்ததில்லை.

ஒரு பெரிய நிறுவனம் தனக்கு வேண்டியதை யாரிடம் வாங்குகிறது, அந்தப் பட்டியலில் யாருக்கு இடமில்லை என்று பார்ப்பதை மேலாண்மை உலகம் சப்ளையர் டைவர்சிட்டி என்கிறது. கருத்தரங்குகளில் இது நிறுவனத்தின் பெருந்தன்மையாகப் பேசப்படும். பெருந்தன்மைக்கு இதில் பெரிய வேலை இல்லை என்பதே என் கணிப்பு. டெண்டர் ஆவணத்தின் தகுதி நிபந்தனைப் பக்கத்திலும், பில்லுக்குப் பணம் வரும் தேதியிலும் இது தீர்மானமாகிவிடுகிறது. அரசு விதிக்கும் விழுக்காட்டு இலக்குகளோ விற்பவரின் சான்றிதழை எண்ணுகின்றன. அந்த இரண்டு இடங்களையும் மேலோட்டமாகவே தொடுகின்றன. வட சென்னையின் ராயபுரத்திலிருந்து அத்திப்பட்டு வரையிலான கடற்கரைப் பட்டையில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

ஆலை வடக்கே, விற்பவர் மேற்கே

1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகை திருவொற்றியூரில் இருந்தது; அதுவே எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்தது. ரகுநந்தன் சரண் 1948-இல் நிறுவிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955-இல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறி லாரிக்கும் பேருந்துக்கும் வந்தது. அதே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர என்ஃபீல்டு நிறுவனமும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின, புல்லட் திருவொற்றியூர்க்காரனானது. விம்கோ தீப்பெட்டி ஆலையும் கார்போரண்டம் யுனிவர்சலும் அதே சாலையில். மணலியில் 1965-இல் நிறுவப்பட்ட மதராஸ் ரிஃபைனரீஸ், இன்றைய சென்னை பெட்ரோலியம், 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கத் தொடங்கி இப்போது 105 லட்சம் டன் திறனுக்கு வந்திருக்கிறது. பக்கத்தில் மதராஸ் உர ஆலை. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். அதைச் சுற்றி அனல்மின் நிலையங்கள்.

இவ்வளவு வாங்கும் சக்தி ஒரே பட்டையில் குவிந்திருந்தும், வாங்கிய பணம் வேறு திசைக்குப் போனது. லாரிக்குச் சக்கரம், பிரேக், மின்கருவி வேண்டும். அவற்றைச் செய்த வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன் எல்லாம் 1960-களின் தொடக்கத்தில் நகரின் மேற்கே பாடியில் எழுந்தன. சிறு உதிரிபாகப் பட்டறைகளுக்காக அரசு கட்டித்தந்த தொழிற்பேட்டைகள் கிண்டியிலும் அம்பத்தூரிலும் அமைந்தன. டிவிஎஸ் குடும்பத்திடம் பேருந்துப் போக்குவரத்திலும் வாகன விற்பனையிலும் சேர்ந்த முதல் இருந்தது. கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் போனவர்களிடம் கொஞ்சமாவது பொறியியல் படிப்பும், வங்கியில் அடகு வைக்க ஏதோ ஒரு சொத்தும் இருந்தன. வடக்கே இருந்தவர்கள் துறைமுகக் கூலிகள், மீனவர்கள், ரயில்வே, மில் தொழிலாளர்கள். கையில் தொழில் இருந்தது, பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு லேத் வாங்கக் கடன் தர எந்த வங்கியும் அன்றைக்கு ஓடி வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலம் போனபோதும் எண்ணூர்க் கழிமுகம் கெட்டபோதும் இந்தப் பகுதி எழுப்பிய முதல் முழக்கம் ‘வேலை கொடு’ என்பது. நிரந்தர வேலை கேட்டார்கள், ஒப்பந்த வேலை கிடைத்தது. ‘எங்களிடம் வாங்கு’ என்ற கோரிக்கை அரிதாகவே எழுந்தது. எழுந்த இடங்களில் அதை உள்ளூர்ச் செல்வாக்குள்ள ஓரிரு கான்ட்ராக்டர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஊரின் பெயரால் கேட்டு, ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஒப்பந்தங்கள். சப்ளையர் டைவர்சிட்டி பற்றிய ஆய்வுகள் இதைப் பேசத் தயங்குகின்றன. ‘உள்ளூர்’ என்ற சொல் ஒரு சமூகக் குழுவைக் குறிப்பதில்லை. உள்ளூரிலும் மேல் கீழ் உண்டு.

டெட்ராய்ட், போபால், மணலி

சப்ளையர் டைவர்சிட்டியின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1967-இல் டெட்ராய்ட் நகரம் கலவரத்தில் எரிந்தது. அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் கறுப்பின உரிமையாளர்களிடமிருந்து வாங்குவதற்குத் தனித் திட்டம் வகுத்தது. 1969-இல் அதிபர் நிக்சன் சிறுபான்மையினரின் தொழில்களுக்கென ஓர் அரசு அலுவலகத்தை அமைத்தார். 1978-இல் வந்த சட்டம், பெரிய அரசு ஒப்பந்தங்களை எடுக்கும் நிறுவனங்கள் துணை ஒப்பந்தங்களில் யாருக்கு எவ்வளவு தரும் என்று முன்கூட்டியே எழுதித்தர வேண்டும் என்றது. ஆலைக்கு அருகே வசிப்பவர்கள் ஆலையின் வருமானத்தில் பங்கில்லாமல் இருந்தால் ஆலைக்கே ஆபத்து என்ற தெளிவான தன்னலக் கணக்கும் இதில் இருந்தது.

இந்தியாவுக்கு இந்த எண்ணத்தைக் கொண்டுவந்தவர்கள் தலித் அறிவாளிகள். 2002 ஜனவரியில் திக்விஜய் சிங் முதல்வராக இருந்த மத்தியப் பிரதேசத்தில், போபாலில் கூடிய மாநாட்டின் ஆவணம் அமெரிக்க முறையைச் சுட்டிக்காட்டி, அரசுக் கொள்முதலில் பங்கு கேட்டது. அரசு வேலையில் இடஒதுக்கீடு சுருங்கிவரும் காலத்தில் அரசின் பர்ஸில் இடம் கேட்பது என்ற அந்தத் திருப்பத்துக்குச் சந்திரபான் பிரசாத் போன்றோர் தொடர்ந்து வாதாடினர். 2005-இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தலித் தொழில் வர்த்தக சபையைத் தொடங்கினார். 2006-இல், தனியார் துறையில் இடஒதுக்கீடு வருமோ என்ற அச்சத்தில், தொழில் கூட்டமைப்புகள் தாமாக ஒரு நடத்தை நெறியை அறிவித்தன. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்குவதும் அதில் ஒரு வரியாக இருந்தது.

ஆணையாக வந்தது 2012-இல். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்கீழ், மத்திய அமைச்சகங்களும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினருக்குச் சொந்தமானவற்றிடம் என்றது. 2015 ஏப்ரல் முதல் கட்டாயம். 2018 நவம்பரில் 20 என்பது 25 ஆனது. பெண்களுக்குச் சொந்தமானவற்றுக்கு 3 விழுக்காடு சேர்ந்தது. 358 பொருள்களைச் சிறியவர்களிடம் மட்டுமே வாங்க வேண்டும். டெண்டர் ஆவணம் இலவசம், இஎம்டி என்ற முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். மணலி சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இதற்குள் வருபவை.

பலன்? 25 என்ற மொத்த இலக்கை மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் கடந்த சில ஆண்டுகளாகச் சேர்த்துப் பார்த்தால் தாண்டியே வருகின்றன. 4 என்ற உள் இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. பல ஆண்டுகள் 1 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அந்த அளவோடு ஒப்பிட்டால் 4 என்பதே அடக்கமான இலக்கு.

நான்கு ஏன் எட்டாமல் போகிறது

விழுக்காட்டைக் கணக்கிடும்போது எதை வைத்து வகுக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் கச்சா எண்ணெயைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிடுகின்றன. கச்சா எண்ணெயை எந்தச் சிறு நிறுவனமும் தராது என்பதால் அது நியாயமே. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 2012 ஆணை பொருள்களுக்கும் சேவைகளுக்கும் மட்டும். கட்டுமான வகையிலான வொர்க்ஸ் கான்ட்ராக்ட் அதில் சேராது. சாரம் கட்டுவது, குழாய்க்கு வண்ணம் பூசுவது, வெப்பக்காப்பு சுற்றுவது, ஃபேப்ரிகேஷன், வடிகால் கட்டுவது என்று உள்ளூர் ஆட்கள் தலைமுறையாகச் செய்துவருபவை பெரும்பாலும் ஒரே பெரிய ஒப்பந்தமாகக் கட்டப்பட்டு அந்த வகைக்குள் போய்விடுகின்றன. அத்தோடு அவை இலக்கின் கணக்கிலிருந்தும் வெளியேறுகின்றன.

அடுத்தது தகுதி நிபந்தனை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் தந்த வழிகாட்டுதல் இன்றைக்கும் டெண்டர்களில் அச்சு மாறாமல் வருவதைக் காணலாம். மூன்று ஆண்டுகளின் சராசரி விற்றுமுதல், மதிப்பிட்ட தொகையில் 30 விழுக்காடு இருக்க வேண்டும். கடந்த ஏழு ஆண்டுகளில் அதே வகை வேலை ஒன்றை 80 விழுக்காட்டு மதிப்பிலோ, இரண்டைத் தலா 50-இலோ, மூன்றைத் தலா 40-இலோ முடித்திருக்க வேண்டும். ஊழலைத் தடுக்க எழுதப்பட்டது. வேண்டியவருக்காக நிபந்தனையை வளைக்கும் அதிகாரியைக் கட்டிப்போட அன்று அது தேவைப்பட்டது. ஆனால் 1 கோடி ரூபாய் வண்ணப்பூச்சு வேலை என்றால் என்ன ஆகிறது? இருபது ஆண்டுகளாகக் கோபுரங்களில் தொங்கி வண்ணம் பூசியவர், தன்னிடம் பத்துப் பதினைந்து ஆட்கள் வைத்து நடத்துபவர், தகுதி பெறமாட்டார். அவர் எப்போதும் துணை ஒப்பந்தக்காரர், அல்லது துணைக்கும் துணை. வேலை முடிந்ததற்கான சான்றிதழ் முதன்மை ஒப்பந்தக்காரர் பெயருக்குப் போகிறது. அனுபவம் ஒருவர் உடம்பில், அதற்கான காகிதம் இன்னொருவர் கோப்பில். ஆண்டுக்கு ஆண்டு இந்த இடைவெளி பெருகுகிறது, ஏனென்றால் அந்தக் காகிதம்தான் அடுத்த டெண்டருக்கான தகுதி.

குறு, சிறு நிறுவனங்களுக்கு முன் அனுபவத்தையும் விற்றுமுதலையும் தளர்த்தலாம் என்று மத்திய அரசின் உத்தரவுகள் உண்டு. ‘தரமும் தொழில்நுட்பமும் குறையாத பட்சத்தில்’ என்ற வாசகத்தோடு. தளர்த்துவது அதிகாரியின் விருப்பம். சுத்திகரிப்பு ஆலையில் ஒரு வெல்டு கசிந்தால் உயிர் போகும் என்பதால் அதிகாரியின் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெல்டின் தரத்தைச் சோதிக்க ரேடியோகிராபி இருக்கிறது, வெல்டருக்குத் தனித் தேர்வு இருக்கிறது. விற்றுமுதல் எந்த வெல்டையும் சோதிப்பதில்லை. 2025 தொடக்கத்தில் லைஃப்கேர் இன்னவேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே விற்றுமுதல் நிபந்தனையைத் தொட்டது. அங்கே பொருள் மருந்து, கேள்வி அதேதான். கொள்முதல் கொள்கைக்குச் சட்ட வலு உண்டு, அதை நடைமுறைப்படுத்துவது அதிகாரிகளின் கடமை என்று சொன்ன நீதிமன்றம், ஒரு தனி நிறுவனம் அதன்கீழ் ஆர்டரை உரிமையாகக் கேட்க முடியாது என்றும் சொன்னது. குறைந்தபட்ச விற்றுமுதல் நிபந்தனை கொள்கையின் நோக்கத்தைக் கெடுக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை, கொள்கையை மேற்பார்வையிடும் குழுவிடம் விட்டது.

தகுதியைத் தாண்டியவருக்கு விலை. பெரிய நிறுவனம் 100 ரூபாய் குறைந்த விலை போட்டு எல்1 ஆகிறது, நம்மூர்ப் பட்டறை 113 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 விழுக்காட்டுக்குள் இருப்பதால், 100-க்கு இறங்கிவந்தால் ஆர்டரில் 25 விழுக்காடு தரலாம் என்கிறது ஆணை. அதாவது கால்வாசி அளவை, தன் கணக்குக்கு 13 ரூபாய் குறைவாக, தரச் சொல்கிறது. அளவு குறையக் குறைய ஒரு பொருளுக்கான செலவு கூடும் என்பது பட்டறை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். சலுகை என்று பெயர். ஏற்க முடிந்தவர் ஏற்கெனவே சற்றுப் பெரியவர். பட்டியல் சாதி, பழங்குடி உரிமையாளர் யாரும் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டாலோ, எல்1 விலைக்கு இறங்காவிட்டாலோ, அந்த 4 விழுக்காட்டை மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்று 2012 ஆணையிலேயே ஒரு வழி இருக்கிறது. இலக்கு எட்டப்படாதது ஏன் யாரையும் உறுத்தவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம்.

சாத்தாங்காட்டில் ரொக்கம், மணலியில் கடன்

திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே சாத்தாங்காட்டில் இருக்கிறது இரும்பு, எஃகுச் சந்தை. தகடும் ஆங்கிளும் குழாயும் அங்கே வாங்கிப் பக்கத்துப் பட்டறையில் வெட்டி, வளைத்து, ஆலைக்குக் கொண்டுபோவது எளிது. தூரம் சில கிலோமீட்டர். பணம் போய்வரும் தூரம்தான் நீளம். புதிதாகத் தொடங்கியவருக்கு இரும்பு வியாபாரி ரொக்கத்துக்கோ சில நாள் தவணைக்கோதான் தருவார். ஆலையில் பொருள் இறங்கி, சோதனை முடிந்து, ஸ்டோர்ஸ் ரசீது போட்டு, பில் பாஸ் ஆகிப் பணம் வர மாதங்கள் ஆகலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு. 10 லட்சம் ரூபாய் ஆர்டர். முழுச் செலவையும் வெளியில் மாதம் 2 விழுக்காட்டு வட்டிக்கு வாங்கிப் போடுகிறார். மூன்று மாதம் பணம் வரவில்லை என்றால் வட்டி 60,000 ரூபாய் வரை போகும். ஃபேப்ரிகேஷனில் அவர் எதிர்பார்த்த லாபமே 80,000, 1 லட்சம்தான் இருக்கும். வங்கியில் ஓவர்டிராஃப்ட் உள்ளவருக்கு இதே தாமதம் பாதிச் செலவுகூட இல்லை. ஆக, ஒரே டெண்டர், ஒரே விலை, ஒரே தாமதம். முதல் உள்ளவருக்கு அது தொல்லை, இல்லாதவருக்கு அது வெளியேற்றம்.

சட்டத்தில் குறை பெரிதாக இல்லை. பொருள் ஏற்கப்பட்ட நாளிலிருந்து, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டி. 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் பொருள் ஏற்கப்பட்டதாகவே பொருள். கேட்டு வாங்க மாநிலத்தில் வசதிக் குழுமங்கள். ஆனால் குழுமத்துக்குப் போனவரின் வெண்டர் கோடுக்கு அடுத்த ஆர்டர் வருமா என்ற சந்தேகம் யாருக்கும் இருக்கும். உரிமை இருக்கிறது, ஒரே வாங்குபவரை நம்பியிருப்பவர் அதைப் பயன்படுத்துவதில்லை. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) அந்தப் பயத்தைச் சற்றுச் சுற்றிப் போகிறது: உரிய காலத்தில் பணம் தராத வாங்குபவர் அந்தத் தொகையைத் தரும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். சிறியவர் புகார் செய்யத் தேவையில்லை, வாங்குபவரின் ஆடிட்டரே நச்சரிப்பார். நல்ல வடிவமைப்பு என்றே சொல்வேன். உடனே எதிர்வினையும் வந்தது: சிறு தொழிலாகப் பதிவு செய்துகொள்ள வேண்டாம் என்று வாங்குபவர்கள் நெருக்குவதாகச் சிறு தொழில் வட்டாரங்களில் குறை எழுந்தது.

பெயர் ஒருவருடையது, தொழில் இன்னொருவருடையது

சான்றிதழை எண்ணினால் சான்றிதழ்கள் பெருகும். மலேசியாவில் 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை பூமிபுத்ரர்களுக்கு ஒப்பந்தங்களை ஒதுக்கியபோது, உரிமம் மலாய்க்காரர் பெயரில், தொழில் நடத்துவது சீனர் என்ற ஏற்பாடு வந்தது. ‘அலி பாபா’ என்று அங்கே பெயர் வைத்தார்கள். தென்னாப்பிரிக்கா 2013 திருத்தச் சட்டத்தில் இத்தகைய முகமூடியைச் சிறைத்தண்டனைக் குற்றமாக்கியது. நம்மிடம் பங்கில் 51 விழுக்காடு யாருடையது என்று பார்க்கிறார்கள். பெண்களுக்கான 3 விழுக்காட்டில், கையெழுத்து மனைவியுடையது, தொலைபேசி எண் கணவருடையது என்பதைக் கண்டுபிடிக்க 51 உதவாது. செக்கில் கையெழுத்துப் போடுபவர், விலை பேசுபவர், ஆலைக்குள் வந்து வேலையை ஒப்படைப்பவர் ஒரே ஆளா என்று பார்க்க கொள்முதல் துறையிலிருந்து ஒருவர் பட்டறைக்குப் போய்வந்தால் போதும். போவதில்லை, ஏனென்றால் இணையதளத்தில் ஏற்ற வேண்டியது சான்றிதழ் மட்டுமே.

கழிமுகமும் அலாஸ்காவும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் அடித்துவரப்பட்டு எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. வலையும் படகும் சதுப்புச் செடிகளும் வீட்டுச் சுவர்களும் கறுத்தன. எண்ணெயை அள்ள நிபுணத்துவ நிறுவனங்கள் அழைக்கப்பட்டன. உண்மையில் மக்கிலும் வாளியிலும் அள்ளி டிரம்மில் நிரப்பியவர்களில் பெரும்பகுதி அந்தக் கழிமுகத்து மீனவர்கள், தங்கள் படகுகளில். ஆரம்ப நாள்களில் சரியான கையுறைகூட இல்லை. 2017 ஜனவரியில் எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் எர்ணாவூர் கரையில் வாளிகள்தான் வேலை செய்தன. ஏழு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேரிடர். எந்த நீரோட்டம் எப்போது எங்கே தள்ளும், எந்த ஓடையில் எந்தப் படகு போகும் என்று அறிந்தவர்கள் இரண்டு முறையும் அவசரக் கூலிகளாக அழைக்கப்பட்டார்கள்.

அலாஸ்காவில் 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. அங்கும் முதலில் மீனவர்கள் வாளியோடுதான் இறங்கினார்கள். பிறகு நடந்ததே வேறு. எண்ணெய்க் குழாய்ப்பாதையை நடத்தும் அலியெஸ்கா நிறுவனம் உள்ளூர் மீன்பிடிப் படகுகளோடு நிலையான ஒப்பந்தம் போட்டது. இன்று நூற்றுக்கணக்கான படகுகள் அந்த ஒப்பந்தத்தில் உள்ளன. ஆண்டுதோறும் பயிற்சி, பயிற்சி நாளுக்கும் பணம், மிதவைத் தடுப்புகளும் உறிஞ்சு கருவிகளும் நிறுவனத்துடையவை. படகுக்காரர் அந்த நிறுவனத்தின் சப்ளையர். எண்ணெய் கொட்டாத ஆண்டிலும் அவருக்கு அதில் வருமானம் உண்டு.

மணலி ஆலைகளும் துறைமுகங்களும் சேர்ந்து காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களோடு இப்படி ஒரு ரேட் கான்ட்ராக்ட் போடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. இது சேவை, வொர்க்ஸ் அல்ல. விற்றுமுதல் நிபந்தனைக்கு இதில் அர்த்தமே இல்லை. கழிமுகத்தை அறிந்தவர்கள் வேறு எங்கும் கிடைக்க மாட்டார்கள். கையால் இறால் பிடிக்கும் இருளர்களிடம் படகுகூட இருக்காது, அவர்களையும் இதில் சேர்ப்பதற்குச் சதுப்பைக் கண்காணிக்கும் பணி இருக்கிறது. ஒரு ஆட்சேபம் வரும்: மாசைத் தடுக்கக் கேட்க வேண்டியவர்களை மாசுபடுத்தியவரின் ஒப்பந்தக்காரர்களாக்கி வாயை அடைப்பதாகாதா? ஆகலாம். அதனால்தான் ஒப்பந்தம் தனி ஆளோடு இல்லாமல் சங்கத்தோடும், ஒரே ஆலையோடு இல்லாமல் பட்டையிலுள்ள எல்லாரும் பணம் போடும் நிதியோடும் இருக்க வேண்டும் என்கிறேன்.

கொள்முதல் மேசையில்

படகுகளை விட்டுப் பட்டறைகளுக்குத் திரும்பினால், சிறிய மாற்றங்களுக்கு அரசாணைகூடத் தேவையில்லை. முதன்மை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து, துணை ஒப்பந்தக்காரர் செய்த பகுதிக்கு அவர் பெயரிலேயே ஆலை சான்றிதழ் தர வேண்டும் என்று வைத்தால், ஏழு ஆண்டுக்குள் இந்தப் பட்டையில் தகுதியுள்ள விற்பவர்களின் எண்ணிக்கை தானே கூடும். இதற்கு ஆலைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. முதன்மை ஒப்பந்தக்காரர்கள் எதிர்ப்பார்கள். தங்கள் கீழிருப்பவர் நாளை போட்டியாளர் ஆவதை யார் விரும்புவார்?

மூலப்பொருளை வாங்குபவரே தந்து, கூலிக்கு மட்டும் ஜாப் ஒர்க் ஆர்டர் கொடுக்கும் வழக்கம் வாகன உதிரிபாகத் தொழிலில் பழையது. தமிழ்நாட்டில் இலவசப் பள்ளிச் சீருடைகளைத் தைத்துத்தரும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் அதே முறையில் இயங்குகின்றன: துணி அரசுடையது, தையல் பெண்களுடையது, ஆர்டர் ஆண்டுதோறும் உறுதி. முதல் இல்லாததால் யாரும் வெளியேற வேண்டியதில்லை. கூலி குறைவு என்ற குறை உண்டு, நியாயமான குறை. சாத்தாங்காட்டு ரொக்கப் பொறியிலிருந்து ஒரு புதிய பட்டறையைக் காப்பாற்ற முதல் மூன்று ஆண்டுகளுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023 முதல் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் மானியம் தருகிறது. வட்டியில் 6 விழுக்காட்டையும் ஏற்கிறது. இயந்திரம் வந்துவிடும். அந்த இயந்திரத்துக்கு முதல் ஆர்டரை யார் தருவது என்பதைத் தொழில் துறை அலுவலகம் தீர்க்க முடியாது. அது கொள்முதல் மேசையில் தீர வேண்டியது.

தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் இலக்கு இல்லை. பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் செபியிடம் தர வேண்டிய பொறுப்பறிக்கையில் யாரிடம் வாங்குகிறார்கள் என்பது பற்றி இரண்டு கேள்விகள் மட்டும் இருந்தன. எவ்வளவு மூலப்பொருளைச் சிறு நிறுவனங்களிடமிருந்தும், எவ்வளவை இருக்கும் மாவட்டத்திலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் வாங்கினீர்கள் என்பது ஒன்று; எல்லாரும் பதில் சொல்ல வேண்டியது. விளிம்புநிலைப் பிரிவினரிடம் வாங்க முன்னுரிமைக் கொள்கை உண்டா, எவ்வளவு வாங்கினீர்கள் என்பது மற்றொன்று, விரும்பினால் சொல்லலாம். 2023-இல் படிவத்தைத் திருத்தியபோது, முதல் கேள்வியில் இருந்த ‘மாவட்டம், பக்கத்து மாவட்டங்கள்’ என்பதை எடுத்துவிட்டு ‘இந்தியாவுக்குள்’ என்று போட்டார்கள். எண்ணூரில் இருக்கும் ஆலை லூதியானாவில் வாங்கினாலும், எண்ணூரிலேயே வாங்கினாலும் அந்தக் கட்டத்தில் இப்போது ஒரே எண்தான் வரும். விருப்பக் கேள்வி மட்டும் படிவத்தில் அப்படியே இருக்கிறது.